கடைசித் தேதி

இருபத்துமூன்று நாளும் பதினொரு மணி நேரமும் ஆகியிருந்தன.

கணக்கு கனிமொழியுடையது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கம்பெனியிலிருந்து வந்த சொர்ணம், செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளிடம் வந்து, "உன்னாண்ட ஒண்ணு இருந்தா குடு" என்றாள். கனிமொழி நாப்கின் பாக்கெட்டை நீட்டினாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பாக்கெட் மூன்று நாளில் தீர்ந்தது. அடுத்ததும் தீர்ந்தது. இன்று சனிக்கிழமை, காலை ஆறு மணி. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது, மறுபடி விழுந்தது, மறுபடி நின்றது.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்க வாய் வரவில்லை. கனிமொழி உயிர்வேதியியல் படித்தவள். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதும் படிவம் நிரப்புவதும் அவள் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பெண்களிடம், தலை நிமிராமல், "கடைசியா எந்தத் தேதில தலைக்கு ஊத்திக்கினீங்க?" என்று கேட்பாள். படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதிக்கென்று ஒரு கட்டம் உண்டு. முன்பின் தெரியாத பெண்கள் பட்டென்று தேதி சொல்வார்கள். சொந்த அம்மாவிடம் அந்தக் கேள்வியை அவள் இன்னும் கேட்கவில்லை.

ஓசூரில் ஒரு மருந்து கம்பெனியில் இரண்டரை வருஷம் விடுதியில் இருந்துவிட்டு, சித்திரையில்தான் மேனாம்பேட்டுக்குத் திரும்பியிருந்தாள். திரும்பி வந்த வீட்டில் சின்னச் சின்னதாய்ச் சில மாறியிருந்தன. அம்மா சோற்றைப் பாதியில் வைத்தாள். மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். சமையல் மேடையில் போன மாதம் இரண்டு கண்ணாடிப் புட்டிகள் புதிதாக வந்திருந்தன. ஒன்றில் ஆளி விதையும் பூசணி விதையும். இன்னொன்றில் எள்ளும் சூரியகாந்தி விதையும். காலையில் ஒரு கரண்டி பொடித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள்.

"இன்னாமே, கோழி கீழி வளக்கப் போறியா?" என்று கேட்டார் கனிமொழியின் அப்பா முனியன். செக்யூரிட்டி சட்டையின் பித்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா நாற்று நட்ட நிலத்தில்தான் இப்போது அவர் காவல் நிற்கும் கம்பெனியின் கேட் இருக்கிறது. அதை அவர் வருத்தமாகச் சொல்ல மாட்டார். பஸ் காசு மிச்சம் என்பார்.

"வளக்கிறேன். மொதல்ல உன்னத்தான் கூண்டுல அடைக்கணும்" என்றாள் சொர்ணம்.

"பாத்தியா கனி, வாயி மட்டும் கொறையல. ஒரு வருசமா சாமி வெளக்க நாந்தான் ஏத்திகினு கீறேன். கேட்டா கை வலின்றா. போன ஆடிக்குக் கூழு கிண்டுன கையாம். எம்மாம் நாளிக்குமே வலிக்கும்?"

"தீப்பெட்டி ஆம்பள கைல பத்தாதா? ஏத்து. புண்ணியம் வரும்."

சொர்ணம் சிரிக்காமல் சொன்னாள். கனிமொழி அதைக் கவனித்தாள். அம்மா எப்போதும் தன் பேச்சுக்குத் தானே முதலில் சிரிக்கிறவள்.

அன்று மதியம் சொர்ணம் மாங்காட்டுக்குக் கிளம்பினாள். ஆறு சனிக்கிழமை வேண்டுதல் என்று சொல்லியிருந்தாள், இது ஐந்தாவது. பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆடிக் காற்றில் மண்ணும் பிளாஸ்டிக் பையும் பறந்த தெருவில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாக நடந்து போனாள். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. நெற்றியில் குங்குமம் இல்லை. பையில் எலுமிச்சம்பழம் இல்லை. காமாட்சியம்மனைப் பார்த்துவிட்டு எலுமிச்சம்பழம் இல்லாமல் யார் வருவார்கள்? அதைவிட, இருபத்துமூன்று நாளாக இப்படி இருக்கிறவள் கோயிலுக்குப் போவாளா? மாதத்தில் அந்த மூன்று நாள் பூ கட்டுகிறவளைக்கூடத் தொடாத அம்மா.

பையில் ஒரு கவர் இருந்தது. 'இயற்கை நல மையம், பெண்கள் நலம், மாங்காடு' என்று அச்சடித்திருந்தது. உள்ளே ஒரு புட்டிக்குப் புது எள்.

கனிமொழிக்குக் கோபம் வந்த இடம் அதுதான். ரத்தம் போய்க்கொண்டிருக்கிறவளுக்கு எள் கொடுத்து அனுப்புகிற டாக்டர் என்ன டாக்டர்? அதில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். எள்ளின் தோல் தெரிந்தது. உள்ளே யாராவது மாத்திரையைப் பொடித்துக் கலந்திருந்தால் மைக்ரோஸ்கோப்பில் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு தடவை பார்த்தாள்.

அதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, ஜெகதாம்பாள் வந்தாள். தெருமுனை அம்மன் கோயிலின் பெண்கள் வேலைகளெல்லாம் அவள் கையில்தான். சொர்ணம் தரையில் உட்கார்ந்து ரப்பர் வாஷர்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் எட்டு மணி நேரம் வெட்டுவது போதாதென்று ஒரு சாக்கு வீட்டுக்கும் வரும். வீடு முழுக்க ரப்பர் வாசனை. ஜெகதாம்பாள் கால் நீட்டி உட்கார்ந்து, கேட்காமலே ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

"இன்னாமே சொர்ணம், வூட்டுக்குள்ளயே அடஞ்சிகினு கீற? கோயிலாண்ட தலையே காட்றதில்ல."

"வேல கீதுக்கா."

"வேல யாருக்கு இல்ல? சரி, வர்ற ஞாயிறு கூழு. அண்டா உன்னுதுன்னு சொல்ட்டேன்."

சொர்ணத்தின் கத்தரி நின்றது. "இந்த வருசம் வேற ஆளப் பாருக்கா."

"வேற யாரு கீறா? எனக்கு முட்டி பூட்ச்சு. ஞானம்மாளுக்குக் கண்ணு தெரியல. முன்ன ஒரு வாட்டி உப்புன்னு சக்கரய அள்ளிக் கொட்னா, புள்ளைங்க பாயசம் பாயசம்னு ரெண்டாந்தரம் வாங்கிக் குடிச்சுதுங்க." ஜெகதாம்பாள் தானே குலுங்கிச் சிரித்தாள். பிறகு கனிமொழியிடம் திரும்பினாள். "உனக்குத் தெரியாது கண்ணு, நீ ஊர்ல இல்ல. நம்ம தெருவுல, நின்னவ கைதான் துடுப்புல படணும். மாசாமாசம் ஊத்திக்கிறவ அண்டாவாண்ட வரக் கூடாது. உங்கம்மாக்கு நின்ன ஒடனே என்னாண்டதான் மொதல்ல வந்து சொன்னா. அன்னிக்கு அவ மூஞ்சியப் பாக்கணுமே, பிரமோசன் வந்தாப்பல! ஒரு வருசம் போவட்டும்டின்னேன். போன ஆடிக்குத் துடுப்பக் குடுத்தேன். இன்னா கூழுன்ற! ஒரு கட்டி இல்ல. ரெண்டு மணி நேரம் நின்ன எடத்துல நின்னா. பொக அடிக்குது, கண்ணுல தண்ணி ஊத்துது, நகரல."

"போதும்க்கா" என்றாள் சொர்ணம்.

"பாத்தியா, வெக்கம்! சனிக்கிழம ராவுக்கு மாவு கரைக்கணும், வந்துரு."

ஜெகதாம்பாள் கத்தரியை வைத்துவிட்டுப் போனாள். கனிமொழியின் சந்தேகம் மாங்காட்டிலிருந்து கிளம்பி நேராகத் தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. நின்றுவிட்டதா? அப்படியானால் அலமாரியில் தீர்ந்துபோன பாக்கெட்டுகள் என்ன? அம்மா தெருவிடம் பொய் சொல்லியிருக்கிறாள். ஒரு துடுப்புக்காக, தெருவில் ஒரு மரியாதைக்காக. வெயிலும் ரப்பருமாய் இருபது வருஷம் போன பெண்ணுக்கு அந்த மரியாதை பெரிதாக இருந்திருக்கலாம். யோசித்தால் புரிகிறது. புரிந்தாலும் கசந்தது.

"மா, கையக் காட்டு. ரத்தம் எடுக்கிறேன். லேப்ல சும்மா பாத்துத் தராங்க."

"எதுக்குடி?"

"மெலிஞ்சு பூட்ட. சுகர் கீதான்னு பாக்கலாம்."

பொய்க்குப் பொய். சொர்ணம் கையை நீட்டினாள். நரம்பு கிடைக்கவில்லை. நாற்பது பேரிடம் ஒரே குத்தில் எடுக்கிறவள் அம்மாவிடம் மூன்று தடவை குத்தினாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். சுவரின் வெள்ளை அங்கேயும் இருந்தது. படிவத்தில் 'சொர்ணம், 49' என்று எழுதினாள். தேதிக்கான கட்டத்தைக் காலியாக விட்டாள்.

திங்கள் மாலை முடிவு வந்தது. ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஒன்று. மிஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு தடவை ஓட்டினாள். அதே ஏழு புள்ளி ஒன்று.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு மாங்காட்டுக்குப் போனாள்.

மையம் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம். ஈர மண் வாசனை வந்தது. இடுப்புக் குளியலுக்கான தொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்திருந்தன. சுவரில் ஒரு படம்: வயதுக்கு வந்த பெண், மாதவிடாய்ப் பருவம், பிள்ளை பெற்றவள், நின்றவள் என்று நான்கு பெண்கள். ஒவ்வொருத்தி காலடியிலும் என்ன சாப்பிட வேண்டும், எப்போது தூங்க வேண்டும், எத்தனை நிமிஷம் நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நான்கு பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். பக்கத்தில் பட்டச் சான்றிதழ் தொங்கியது. கனிமொழி பதிவு எண்ணை யாரும் பார்க்காமல் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் மதிவதனிக்கு முப்பது வயதிருக்கும். ஈரோட்டுப் பக்கம். கல்யாணமாகிப் பாரிவாக்கத்தில் புது ஃபிளாட்டுக்கு வந்தவள். "உட்காருங்க. உங்களுக்குங்களா? மாசாமாசம் ஒழுங்கா வருதுங்களா?"

"எனக்கில்ல. மேனாம்பேடு சொர்ணம். அவங்க பொண்ணு."

"சொர்ணம் அக்கா பொண்ணா! லேப்ல வேலை செய்யறீங்கல்ல? எம்பொண்ணு எம்பொண்ணுன்னு ஒரே பெருமைங்க."

கனிமொழி பஸ்ஸில் முழுக்கச் சொல்லிப் பார்த்து வந்த வாக்கியங்கள் எல்லாம் கலைந்தன. ஒன்று மட்டும் மிஞ்சியது. "இருபத்தேழு நாளா ரத்தம் போகுது. நீங்க எள்ளு குடுத்து அனுப்புறீங்க."

மதிவதனி பேனாவை மூடினாள். "யாருக்குங்க?"

"எங்கம்மாவுக்கு."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரல் மாறியிருந்தது. "உடம்பு திகுதிகுன்னு எரியுது, தூக்கமில்லைன்னு வந்தாங்க. நின்னு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னாங்க. ரத்தம்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க. சொல்லியிருந்தா விதையைக் குடுத்து அனுப்பியிருப்பேனா?" மேஜையிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்துக் காட்டினாள். "இதப் பாருங்க. மாதவிடாய் வர்றவங்களுக்கு வந்த நாளே ஒண்ணாம் நாள், பாதி மாசம் ஒரு விதை, மீதி மாசம் இன்னொண்ணு. நின்னவங்களுக்கு எண்ண நாளில்லை. அமாவாசை, பௌர்ணமின்னு மாத்தச் சொல்றது. இந்தத் தாளைத்தான் உங்கம்மாவுக்குக் குடுத்தேன். இது மருந்தில்லீங்க, சாப்பாடு. யாருக்கும் நான் வேற மாதிரி சொன்னதில்லை."

அம்மா அமாவாசையன்று புட்டியை மாற்றியது கனிமொழிக்கு ஞாபகம் வந்தது. "தெருவுல அப்படிச் சொல்லி வெச்சிருக்காங்க. இங்கயும் அதே பொய்யச் சொல்லியிருக்கலாம்."

"பொய்னா எனக்கென்னங்க தெரியும்? ஆனா முத நாளே ஒண்ணு கேட்டாங்க. நின்னது மறுபடி வராம இருக்க என்ன சாப்பிடணும் டாக்டர்னு. நான் சிரிச்சேன். நின்னது எங்கக்கா வரப்போகுது, நிம்மதியா இருங்கன்னேன்." மதிவதனி தாளை மடித்தாள், பிரித்தாள். "ஏன் கேட்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். சிரிச்சிருக்கக் கூடாது."

வெளியே ஷேர் ஆட்டோக்காரன் 'பூந்தமல்லி, பூந்தமல்லி' என்று கத்திக்கொண்டு போனான்.

"கேன்சரா?" என்றாள் கனிமொழி.

"அதுதான்னு இல்லைங்க. அது இல்லைன்னு பார்த்துத்தான் சொல்லணும். நின்னு ஒரு வருஷம் தாண்டி ஒரு சொட்டு வந்தாலும் கர்ப்பப்பையைப் பரிசோதிச்சாகணும். இதுக்கு விதையும் இல்லை, மண்ணும் இல்லை. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். பணம் வாங்கவில்லை. பஸ்ஸில் கனிமொழி பதிவு எண்ணைச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. யார்மேலாவது பழி போட முடியாமல் போனது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீட்டில் சொர்ணம் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரக் கேட்டுகினு போன?"

"நீ யாரக் கேட்டுகினு போன? கோயிலுக்குன்னு சொல்லிட்டு."

"கோயிலுக்குத்தான் போனேன். வாசல்லயே நின்னேன். உள்ள போவ முடியல. எதிருல அந்த போர்டு கீது. போனேன்."

"ரத்தம் போவுதுன்னு ஏன் அவங்களாண்ட சொல்லல?"

"சொன்னா ஆசுபத்திரின்னுவா. ஆசுபத்திரி போனா தெருவுக்குத் தெரியும். இந்த ஒரு மாசம்தான்டி. சூடு. சரியாப் பூடும்."

"அதுக்கு முன்னாடி?"

"இல்ல."

"மா, உன் ரத்தம் ஏழு கீது. பன்னெண்டு இருக்கணும். இருபத்தேழு நாள்ல இம்மாம் எறங்காது."

சொர்ணம் ஒரு வாஷரை வெட்டினாள். பிசிறோடு வாஷரும் சேர்ந்து வெட்டுப்பட்டது. "ஞாயித்துக்கிழம முடியட்டும். அப்பால வரேன்."

"அண்டாவாண்ட போய் நிக்கப் போறியா?"

"நிக்க மாட்டேன்."

"அப்ப ஜெகதா அத்தையாண்ட சொல்லு."

"இன்னான்னு சொல்லுவேன்? இன்னான்னுடி சொல்லுவேன்?"

வாசலில் முனியனின் சைக்கிள் மணி கேட்டது. கனிமொழி வாழ்க்கையில் யாரையும் மிரட்டியதில்லை. "நாளைக்கி நீ வரலன்னா, நானே போய் அத்தையாண்ட சொல்றேன்."

சொர்ணம் மகளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த இருபத்தேழு நாளில் முதல் தடவை.

மறுநாள் ஏழு மணிக்கே வரிசையில் நின்றார்கள். இரவு பெய்த மழையில் ஆஸ்பத்திரி வளாகம் சேறாக இருந்தது. கையில் டோக்கன், பையில் இட்லிப் பொட்டலம். சொர்ணம் அதைத் தொடவில்லை. பக்கத்தில் நிறைமாதப் பெண் ஒருத்தி, "உங்களுக்கு இன்னாக்கா?" என்று கேட்டாள். "சும்மா, செக்கப்பு" என்றாள் சொர்ணம். சீட்டு எழுதும் நர்ஸ் கேட்டபோது, "மாசாமாசம் வருதும்மா, இந்த வாட்டி கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். கனிமொழி அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கனிமொழியைவிட நாலைந்து வயது பெரியவள். மதிவதனியின் கடிதத்தைப் படித்தாள். நர்ஸ் எழுதிய சீட்டைப் படித்தாள். ரத்த முடிவைப் பார்த்தாள். மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"அம்மா, ஒண்ணுல நின்னு ரெண்டு வருஷம்னு இருக்கு. இன்னொண்ணுல மாசாமாசம்னு இருக்கு. எதை எழுதிக்கட்டும்?"

"நின்னுதான் போச்சு டாக்டர்" என்றாள் கனிமொழி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நின்ன பிறகுதான் வந்திருக்கு."

"எப்போ மறுபடி வந்துச்சு?"

"இந்த மாசம்" என்றாள் சொர்ணம்.

"இந்த ரத்தம் ஒரு மாசத்துல இறங்கினது இல்லம்மா. ரொம்ப நாளா போயிட்டிருக்கு. எத்தனை நாள்னு எனக்குத் தெரியணும், அதை வெச்சுத்தான் என்ன செய்யறதுன்னு முடிவு பண்ணணும். திட்ட மாட்டேன். பொண்ணு வேணா வெளியில இருக்கட்டுமா?"

கனிமொழி நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவள் மணிக்கட்டை சொர்ணம் பிடித்துக்கொண்டாள். விரல்களில் கத்தரி பிடித்துக் காய்த்த தழும்பு உரசியது.

"இருக்கட்டும்" என்றாள். "அவளும் கேக்கட்டும்."

டாக்டரின் பேனா சீட்டின்மேல் காத்திருந்தது. தேதிக்கான கட்டம் இங்கேயும் அதே இடத்தில்தான் இருந்தது. சொர்ணம் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"போன வருசம் ஆடி, மூணாவது ஞாயிறு. காலைல ஏழு மணி இருக்கும். கூழு அண்டா முன்னாடி நின்னுகினு கீறேன், கைல துடுப்பு. கால் வழியா ஈரமா எறங்குது. இன்னான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. நகரல. நகந்தா எல்லாரும் பாப்பாங்கன்னு கிண்டிகினே நின்னேன். தெரு மொத்தம் அந்தக் கூழக் குடிச்சுது. அன்னிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வந்துகினேதான் கீது டாக்டர்."